ட்ரெய்லருக்குத்தானே என்று டயர் கேட்பவர்களுக்கு

கோவளத்திலிருந்து செய்யூர் பக்கத்துக் கடலூர் சின்னக்குப்பம் வரை, கரையில் படகு வைத்திருக்கும் அண்ணன்களே, தம்பிகளே. ஜெட் ஸ்கீயும் தூண்டில் படகும் இழுத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் ஈ.சி.ஆரில் இறங்கும் நண்பர்களே. இவர்களுக்கெல்லாம் ட்ரெய்லர் கட்டிக் கொடுக்கும் பட்டறைக்காரர்களே:



உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். செங்கல்பட்டில் டயர் விற்றுப் பிழைப்பவன் நான். டயர் விற்கிறவன் டயரை மாற்றச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வான் என்று தோன்றும். தோன்றட்டும். என் கடைக்கு நீங்கள் வரவே வேண்டாம். கல்பாக்கத்தில் வாங்குங்கள், திருப்போரூரில் வாங்குங்கள், தாம்பரம் போய் நாலு கடை ஏறி இறங்கி விலை பேசி வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்ஜின் வாங்கும்போது நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். யமஹாவா சுசுகியா என்று ஊரே கூடிப் பேசும். ஓட்டிப் பார்த்தவனை வீடு தேடிப்போய்க் கேட்பீர்கள். வலைக்குக் கண்ணி அளவு, நூல் தடிமன், ஈயக் குண்டு எடை எல்லாம் விரல் நுனியில். ஃபைபரில் மயிரிழை விரிசல் விட்டாலும் கைவைத்துத் தடவியே கண்டுபிடிப்பீர்கள். இத்தனை விவரம் தெரிந்தவர்கள் டயர் கடை வாசலுக்கு வந்ததும் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, பழசு ஏதாச்சும் கெடந்தா குடுங்க. ட்ரெய்லருக்குத்தானே.”

இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ட்ரெய்லர் தினமும் ஓடுகிற வண்டி இல்லை. மாதத்தில் சில நாள், அதுவும் கரையிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து கரைக்கு. காரில் பட்டன் தேய்ந்து கழற்றிய டயர் இதற்குப் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. ஓடாமல் நிற்பதுதான் ட்ரெய்லர் டயருக்கு எமன் என்பதால் போதாது.

ஓடுகிற டயரில் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. அப்படி வளையும்போது உள்ளே கலந்திருக்கும் மெழுகும் எண்ணெயும் மெல்ல மேற்பரப்புக்கு வந்து ரப்பரைக் காக்கின்றன. நிற்கிற டயருக்கு அது கிடையாது. வெயில், காற்றிலிருக்கும் ஓசோன், ஒரே இடத்தில் அழுத்தும் பாரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பட்டன் புதுசாகத் தெரியும்; உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். காருக்குப் பட்டனைப் பார்த்து டயர் மாற்றுகிறோம். ட்ரெய்லருக்கு வயதைப் பார்த்து மாற்ற வேண்டும். கடலோரத்தில் இதை மறந்தே போனோம்.

ஒரு வேலை செய்யுங்கள். சவுக்குத் தோப்போரமோ சாலையோர மணலிலோ நிற்கும் உங்கள் ட்ரெய்லர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நிற்காதீர்கள், குந்தி உட்காருங்கள். டயரின் பக்கச் சுவரை ஈரத் துணியால் துடையுங்கள். வெயில் படுகிற பக்கமும் படகின் நிழல் விழுகிற பக்கமும் நிறத்தில் வேறுபட்டிருக்கும். வெயில் பக்கத்தில் கறுப்பு சாம்பலாகியிருக்கும். கட்டை விரலால் அழுத்தி விலக்கிப் பாருங்கள். பட்டனுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில், பட்டன் பள்ளங்களின் அடியில், மெல்லிய கோடுகள் வாய் திறக்கும். நகம் நுழைகிற அளவுக்கு இருந்தால் அந்த டயர் முடிந்தது. கோட்டுக்குள் நூல் தெரிந்தால், அதை இன்னும் ட்ரெய்லரில் வைத்திருப்பதே ஆபத்து. மணலில் புதைந்திருக்கும் அடிப்பக்கம் கண்ணுக்குப் படாது. வண்டியை அரைச் சுற்று நகர்த்திவிட்டு அதையும் பாருங்கள்.

அடுத்து நாலு எண். டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் பதித்திருப்பார்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் பிறந்த டயர். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன் வந்தது. அதைத் தொடவே வேண்டாம். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும். மாட்டுகிறவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தால், டார்ச் அடித்துக்கொண்டு ட்ரெய்லருக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். சட்டையில் மண் ஒட்டும். ஒட்டட்டும்.

பத்து ஆண்டு கடந்த டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடச் சொல்லிப் பெரிய டயர் கம்பெனிகளே எழுதி வைத்திருக்கின்றன. அது ஓடிக்கொண்டிருக்கும் கார்களுக்குச் சொன்ன உச்ச வரம்பு. அக்னி நட்சத்திர வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெட்டவெளியில் நிற்கும் ட்ரெய்லருக்கு ஆறு ஆண்டுதான் என்பது என் அபிப்பிராயம். கூடக் குறைய வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பழைய டயர் கேட்டு வருகிறவருக்கு ஏற்கெனவே ஏழு வயதான டயரைக் கொடுத்தால், அவர் இன்னும் ஏழு ஆண்டு அதை ஓட்டுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நான் கொடுப்பதில்லை. பக்கத்துத் தெருவில் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கிடைக்கத்தான் செய்கிறது.

இனி பாரக் கணக்கு. என் வருத்தத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

உங்களில் எத்தனை பேர் படகோடு சேர்த்து ட்ரெய்லரை எடை மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள்? கல் லாரியும் நெல் லாரியும் ஏறுகிற எடை மேடை நம் பக்கத்தில் எத்தனையோ இருக்கின்றன. படகு ஏறி நான் பார்த்ததில்லை. கேட்டால் “ஒரு டன் இருக்கும்” என்கிறீர்கள். அது வெறும் படகு. சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. படகோடு இன்ஜினும் வந்தது, பெட்ரோல் கேன் வந்தது, ஐஸ் பெட்டி வந்தது. நனைந்த வலை காய்ந்த வலையைப் போல இரண்டு பங்கு கனக்கும். மழையில் நின்ற படகுக்குள் தேங்கிய தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அதையும் வடிக்காமலே இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். படகு 900 கிலோ. இன்ஜின், பெட்ரோல், வலை, நங்கூரம், மற்றது எல்லாம் 250. ட்ரெய்லரின் சொந்த எடை 350. மொத்தம் 1,500. இதில் பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக இழுக்கும் வண்டியின் மேல் விழுகிறது. மீதி 1,350 இரண்டு சக்கரத்தின் மேல். சக்கரத்துக்கு 675 கிலோ.

இப்போது டயரைப் படியுங்கள். பழைய மாருதி காரில் ஓடிய 145/80 ஆர் 12 டயரில், அளவுக்குப் பக்கத்திலேயே 74 என்று இருக்கும். அது பாரக் குறியீடு. 74 என்றால் 375 கிலோ. சக்கரத்துக்கு 675 வேண்டிய இடத்தில் 375 தாங்கும் டயர்! அதுவும் புதிதாக, முழுக் காற்றோடு இருக்கும்போது தாங்குவது. அமெரிக்காவில் கார் டயரை ட்ரெய்லரில் மாட்டினால் அந்த எண்ணையும் 1.1ஆல் வகுத்துக் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 340தான்.

அதே 12 அங்குல அளவில், குட்டி யானை வண்டிக்குப் போடும் 145 ஆர் 12 எல்.டி. டயர் இருக்கிறது. 8 பிளை. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலிருக்கும். இதில் பாரக் குறியீடு 86/84 என்று இருக்கும். ஒற்றைச் சக்கரமாக மாட்டினால் 530 கிலோ, இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒவ்வொன்றும் 500. கார் டயரைவிட எவ்வளவோ மேல். ஆனால் நம் கணக்கின் 675க்கு இதுவும் போதவில்லை, கவனியுங்கள். அந்தப் படகுக்கு 185 ஆர் 14 எல்.டி. 8 பிளை டயர் வேண்டும்; 102 என்று குறியீடு போட்டது, 850 கிலோ தாங்கும். இல்லையென்றால் இரண்டு அச்சு, நாலு சக்கரம். ஜெட் ஸ்கீக்காரர்கள் இவ்வளவு போக வேண்டியதில்லை. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து ஐந்நூறு கிலோவை ஒட்டித்தான் வரும். 12 அங்குல எல்.டி. டயர் தாராளம்.

டயர் தாங்கினால் போதாது, டிஸ்க்கும் தாங்க வேண்டும். எல்.டி. டயருக்குக் கார் டயரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று வைக்க வேண்டும். கார் டிஸ்க்கில் அதை மாட்டி அந்தக் காற்றை வைப்பது வம்பு. டயரையும் டிஸ்க்கையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

பாரக் குறியீட்டுக்கு அடுத்து ஓர் எழுத்து இருக்கும், அது வேகத்துக்கு. ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், எல் என்றால் 120. டிராக்டர் டிப்பருக்குப் போடும் விவசாய டயர்களில் ஏ8 என்று பார்க்கலாம். அதன் வேகம் வெறும் 40. கரையிலிருந்து ஊருக்குள் டிராக்டரால் இழுத்து வர அது சரி. அந்த டயரோடு பொலேரோவில் கட்டி ஈ.சி.ஆரில் எண்பதில் பறந்தால், டயர் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் அதை ஓட்டுகிறீர்கள். இன்னொரு கூத்து, ஏ.டி.வி. என்று அச்சிட்ட டயர். அது மாட்டு வண்டி டயர். மாடு நடக்கிற வேகத்துக்குச் செய்தது. பாரம் நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு, ஆகவே பட்டறைகளில் அதற்கு ஒரு மவுசு. மாடு ஓடாத வேகத்தில் அதை இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ரீபட்டன் டயர் பற்றியும் கேட்பீர்கள். லாரிக்காரர்கள் ஓட்டுகிறார்களே என்பீர்கள். லாரி டயரை ஓட்டி முடித்த கையோடு பட்டன் போட்டு மறுபடி ஓட்டிவிடுகிறார்கள். வருடக் கணக்கில் வெயிலில் நிறுத்தி வைப்பதில்லை. உங்கள் ட்ரெய்லரில் அது வேண்டாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்பதும் வேண்டாம். இரண்டும் பாரத்தில் வேறு வேறு மாதிரி வளையும், ட்ரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு, இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே.யும் சியட்டும், அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின் என்று நம்மைச் சுற்றித்தான் நாட்டின் டயரில் கணிசமான பங்கை வார்க்கிறார்கள். செங்கல்பட்டு ஆட்கள் ஷிப்ட்டுக்குப் பஸ் ஏறிப் போகிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் படகு ட்ரெய்லருக்கென்றே ஒரு டயர் நம் கடை அலமாரிக்கு வந்து நான் பார்க்கவில்லை. அமெரிக்காவில் எஸ்.டி. என்று எழுத்துப் போட்டு, பக்கச் சுவரைக் கெட்டியாக்கி, ட்ரெய்லருக்கென்றே தனியாகச் செய்கிறார்கள். இங்கே அதற்கு நெருங்கிய சொந்தம் எல்.டி. டயர்தான். அது கடையில் கிடைக்கும்போது கழித்துப்போட்ட கார் டயரைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

காற்று. மணலில் சக்கரம் புதையாமலிருக்கக் காற்றை இறக்கிவிட்டு இழுப்பது உங்களுக்குக் கைவந்த வித்தை. குறை சொல்ல மாட்டேன், மணலுக்கு அதுதான் முறை. தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்று வைக்க மறந்துவிடுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். “பூஞ்சேரியில பிடிச்சுக்கலாம்.” பூஞ்சேரியில் கூட்டமாக இருக்கும். “திருக்கழுக்குன்றத்தில பிடிச்சுக்கலாம்.” காற்று குறைந்த டயரில் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. சாலைச் சூடு கீழே, மடங்கும் சூடு உள்ளே. ரப்பர் நூலைவிட்டு உரிய ஆரம்பிக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் ரப்பர் பட்டைகளில் பல இப்படிப் பிறந்தவைதான். காரின் பேட்டரியில் சொருகும் சின்ன ஏர் பம்பு ஒன்று வாங்கிப் படகுக்குள்ளேயே போட்டு வையுங்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போது, பக்கச் சுவரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று வையுங்கள். வழியில் மதியம் அளந்து பார்த்து, கூட இருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள். சூட்டில் கூடியது ஆறியதும் தானே இறங்கும்.

உப்புத் தண்ணீர் டயரைவிட டிஸ்க்கையும் பேரிங்கையும்தான் தின்னும். தூரத்திலிருந்து ஓடி வந்த ட்ரெய்லரில் ஹப் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வந்த கையோடு முட்டுக்காட்டுக் கழிமுகத் தண்ணீரிலோ கடலிலோ இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது கிரீஸ் மஞ்சளாக இராது. மோரைக் கரைத்த மாதிரி வெளுத்திருக்கும். அதைப் பார்த்தால் பேரிங்கை நம்பாதீர்கள். இறக்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஆற விடுங்கள், அதற்குள் கயிறு அவிழ்க்கிற வேலையைப் பாருங்கள். ஏற்றியதும் நல்ல தண்ணீரில் சக்கரம், டிஸ்க், நட்டு எல்லாவற்றையும் கழுவுங்கள். துரு பிடித்த டிஸ்க்கின் விளிம்பில் டியூப்லெஸ் டயர் உட்காராது. நூலிழையாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம் உள்ளே ஒரு டியூபைத் திணிப்பது. டிஸ்க்கை மாற்றுவதுதான் வைத்தியம்.

டயர் போனால் என்ன, ஓரம் கட்டி மாற்றிக்கொள்ளலாமே என்கிறீர்கள். காருக்குச் சரி. நாலில் ஒன்று போனால் மூன்று இருக்கிறது. இரண்டே சக்கரமுள்ள ட்ரெய்லரில் ஒன்று போனால், அந்தப் பக்கம் டிஸ்க் தாரில் உரசி இறங்கும், ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும், முப்பதடிப் படகு முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்கும். இன்ஜின் பின்னால் தொங்குவதால் பின்பாரம் வேறு. எதிரே செங்கல்பட்டு டவுன் பஸ் வரும். கோயிலுக்கு வந்த குடும்பம் வரும். பைக்கில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் வருவான். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரும் சாலையில் எத்தனை இடத்தில் ஓரம் கட்ட இடம் இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். கடலில் ஆபத்து உங்களோடு போகும். சாலையில் அப்படி இல்லை. அந்த டயரை வாங்கியவன் நீங்கள், அதில் அடிபடுகிறவன் எவனோ.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் ஒரு வாகனம். பதிவு எண் வேண்டும். 1.6 மில்லிமீட்டருக்குக் குறைவான பட்டனோடு சாலையில் ஓட்டக் கூடாது என்பது விதி. ஆனால் போலீஸ்காரர் பிடிப்பார் என்று பயமுறுத்தி உங்களை மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, அரசாங்கத்துக்குப் படகு போதவில்லை. குப்பங்களிலிருந்து உங்கள் படகுகள் போயின. லாரியில் ஏற்றிப் போனீர்கள், டெம்போவில் ஏற்றிப் போனீர்கள், கிடைத்ததில் கட்டி இழுத்தும் போனீர்கள். யாரும் கூப்பிடவில்லை, கூலி பேசவில்லை. கடல் பார்த்தே இராத தெருக்களில் மாடியிலிருந்து பாட்டிகளைத் தூக்கி இறக்கினீர்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் அறுநூறுக்கு மேற்பட்ட படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போனதை நாடே பார்த்தது. நம் பக்கம் அதை மூன்று வருடம் முன்பே செய்துவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் ஏரியானபோது மறுபடி படகு. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது தூத்துக்குடி மீனவர்கள் படகோடு ஊருக்குள் போனார்கள்.

அந்த மாதிரி ராத்திரியில் என்ன நடக்கும்? பஞ்சர் கடை இருக்காது. கரண்ட் இருக்காது, ஆகவே ஏர் பிடிக்க இடம் இருக்காது. சாலைக் குழி எது, ஓடை எது என்று தண்ணீருக்கடியில் தெரியாது. ஆறு மாதமாக மணலில் நின்ற ட்ரெய்லரை அப்போது இழுத்துக் கட்டுவீர்கள். முடிச்சூரில் மாடியில் நிற்கிறவளுக்கும் கோவளத்தில் கட்டியிருக்கும் படகுக்கும் நடுவில் இருப்பது உங்கள் இன்ஜின் இல்லை. நீங்கள் பழசு கேட்டு வாங்கிய இரண்டு டயர்.

இன்னொரு ராத்திரியும் உண்டு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையேறியது. அன்று படகை எவ்வளவு தள்ளி ஏற்றினோமோ அவ்வளவு பிழைத்தது. ஊருக்கு இரண்டோ மூன்றோ டிராக்டர், வரிசையில் படகுகள். வரிசையில் முன்னால் நிற்கும் ஒரு ட்ரெய்லர் டயர் மணலில் படுத்துவிட்டால் பின்னால் நிற்கும் அத்தனை படகும் அலைக்குத்தான். ஆகவே இது உங்கள் சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வெல்டிங்கில் குறை வைப்பதில்லை. இரும்பு நன்றாகப் போடுகிறீர்கள், பெயின்டும் அடிக்கிறீர்கள். வாடிக்கையாளர் மொத்த விலையைக் குறைக்கச் சொன்னதும் முதலில் கை வைப்பது டயரில். அதைச் செய்யாதீர்கள். குறைக்க வேண்டுமானால் பெயின்டைக் குறையுங்கள். ட்ரெய்லர் முகப்பில் உங்கள் பட்டறைப் பெயரை எழுதுகிறீர்களே, அதற்குக் கீழேயே எவ்வளவு கிலோ ஏற்றலாம், என்ன டயர், எவ்வளவு காற்று என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஸ்டெப்னி மாட்ட ஒரு கம்பி வைத்துக் கட்டுங்கள். கம்பி இருந்தால்தான் ஸ்டெப்னி வாங்குவார்கள்.

பணம் இல்லை என்பீர்கள். மீன் இல்லாத மாதங்களில் நிஜமாகவே இருக்காது, தெரியும். ஆனால் இரண்டு எல்.டி. டயரின் விலை உங்கள் இன்ஜின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தனித்தனியாக வாங்காமல், தேவனேரியோ கொக்கிலமேடோ வெண்புருஷமோ, ஒரு குப்பத்துக்காரர்கள் சேர்ந்து பத்து இருபது டயராக வாங்கினால் எந்தக் கடைக்காரனும் விலை இறங்குவான். நானும் இறங்குவேன். டயரை நீண்ட காலம் வைத்துக்கொள்ளவும் செலவில்லாத வழி உண்டு: ட்ரெய்லரை நிறுத்தும்போது அச்சுக்கு அடியில் ஹாலோ பிளாக் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள், வெயில் பக்கத்தை ஒரு கீற்றுத் தட்டியால் மறையுங்கள், டயர் மேல் டீசலும் மண்ணெண்ணெயும் சிந்தாமல் பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். புரட்டாசி வாக்கில் ஆயுத பூஜை வருகிறது. இன்ஜினைத் துடைத்து, படகைக் கழுவி, ட்ரெய்லர் டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்து நசுக்குவீர்கள். கோவளத்தில் மாதா திருநாளுக்கு வண்டியை மந்திரிக்கிறவர்களும் இருக்கிறீர்கள்; உங்களுக்குத் தோதான நாளை வைத்துக்கொள்ளுங்கள். பொட்டு வைக்கக் குனிகிறபோது அந்த நாலு எண்ணைப் படியுங்கள். பக்கத்தில் பாரக் குறியீட்டையும் படியுங்கள். இரண்டையும் ட்ரெய்லரின் முன் சட்டத்தில் வெள்ளைப் பெயின்டால் பெரிதாக எழுதுங்கள், போகிறவன் வருகிறவன் படிக்கிற மாதிரி. ஊர்ப் பஞ்சாயத்தார் அன்று சாயங்காலம் கரையில் ஒரு நடை நடந்து, ஆறு வயது தாண்டியதையும் பாரம் போதாததையும் குறித்து, படகுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் ஊரில் வலை விடும் கட்டுப்பாட்டை இப்படித்தானே காக்கிறீர்கள்? வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் மாற்ற வேண்டியதை மாற்றிவிடுங்கள். ட்ரெய்லருக்கு ஒரு ஸ்டெப்னி, ஒரு ஜாக்கி, நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்று. ஜாக்கி மணலில் இறங்காமலிருக்க ஒரு பலகைத் துண்டும் போட்டு வையுங்கள்.

கழற்றிய டயரை இன்னொரு ட்ரெய்லர்காரரிடம் விற்காதீர்கள். பக்கச் சுவரில் கத்தியால் ஒரு கோடு கிழித்துவிட்டு, படகின் விலாவில் மோதல் தாங்க நீங்கள் கட்டுகிற இடத்தில் கட்டுங்கள். கிழித்த டயரை எந்தப் பஞ்சர் கடையும் மறுபடி மாட்டாது.

இப்படிக்கு,
செங்கல்பட்டு டயர் கடைக்காரன்